கூகுளில் முதலிடம்... 2 மணி நேரத்தில் 71-வது இடம்: காசு கொடுத்து 'பேக்லிங்க்' வாங்கலாமா?

2010-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் என ஷாப்பிங் களைகட்டும் சீசன். அந்த நேரத்தில் கூகுளில் 'டிரஸ்ஸஸ்' என்று தேடியவர்களுக்கு முதலில் வந்து நின்ற பெயர் ஜே.சி.பென்னி. 'பெட்டிங்' என்று தேடினாலும் அதே கடை. தரைவிரிப்பு, மேஜை விரிப்பு, ஸ்கின்னி ஜீன்ஸ், ஃபர்னிச்சர்... எதைத் தேடினாலும் முதலிடம், இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில். இதில் உச்சம் என்னவென்றால், 'சாம்சனைட் கேரி ஆன் லக்கேஜ்' என்று தேடினால், அந்தப் பெட்டியைத் தயாரிக்கும் சாம்சனைட்டின் சொந்த வெப்சைட்டையே பின்னுக்குத் தள்ளிவிட்டு மேலே நின்றது ஜே.சி.பென்னி.

1902-ல் தொடங்கப்பட்ட பழைய, பெரிய கடைதான். ஆனால் துணி, மெத்தை, பெட்டி, நாற்காலி என சகலத்துக்கும் இணையத்திலேயே நம்பர் ஒன்னா? 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் டேவிட் சீகலுக்கு இது இடித்தது. தேடல் துறையில் அனுபவமுள்ள டக் பியர்ஸ் என்பவரிடம், "இதைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்" என்று கேட்டார்.

பியர்ஸ் தோண்டியபோது கிடைத்தது விசித்திரமான ஒரு பட்டியல். 'ஈவினிங் டிரஸ்ஸஸ்', 'லிட்டில் பிளாக் டிரஸ்' போன்ற சொற்களில் லிங்க் வைத்து, ஜே.சி.பென்னியின் துணிப் பக்கத்துக்குக் கை காட்டிய 2,015 பக்கங்கள். அவை எல்லாம் ஃபேஷன் தளங்களா என்றால், அதுதான் இல்லை. குறட்டை பற்றிய தளம், நாய் வளர்ப்பு, மீன்பிடித்தல், பல் மருத்துவர், குளியலறை டைல்ஸ், ஜோக்ஸ்... கவுனுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?

ஆதாரம் கூகுளிடம் போனது. 2011 பிப்ரவரி 9, புதன்கிழமை இரவு 7 மணிக்கு 'சாம்சனைட் கேரி ஆன் லக்கேஜ்' தேடலில் பென்னி இன்னும் முதலிடத்தில்தான் இருந்தது. 9 மணிக்குப் பார்த்தால் 71-வது இடம். வரவேற்பறை ஃபர்னிச்சர் தேடலில் முதலிடத்திலிருந்து 68-க்குச் சரிந்தது. பிப்ரவரி 1 அன்று 59 தேடல் சொற்களில் பென்னியின் சராசரி இடம் 1.3. பிப்ரவரி 10 அன்று அது 52.

கடை அதேதான், பொருளும் விலையும் அதேதான். மாறியது ஒன்றுதான். மற்ற தளங்களிலிருந்து வந்த அந்த லிங்க்குகளை கூகுள் நம்பாமல் போய்விட்டது.

முதலில், பேக்லிங்க் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். ஒரு வெப்சைட்டில் இருக்கும் பக்கம் இன்னொரு வெப்சைட்டுக்கு லிங்க் கொடுத்தால், அந்த லிங்க்கைப் பெறும் தளத்துக்கு அது பேக்லிங்க். ஒரு சமையல் தளம் தன் கட்டுரையில் ஒரு மசாலாப் பொடிக் கடையின் வெப்சைட்டைக் குறிப்பிட்டு லிங்க் வைத்தால், அந்தக் கடைக்கு ஒரு பேக்லிங்க் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இதனால் கடைக்கு இரண்டு வழிகளில் ஆட்கள் வருவார்கள். ஒன்று, நேரடி வழி. சமையல் குறிப்பைப் படிப்பவர் லிங்க்கைத் தட்டி உள்ளே வருவார். இரண்டாவது, சுற்று வழி. 'இந்தக் கடையைப் பற்றி இன்னொருவர் பேசியிருக்கிறார்' என்று கூகுள் குறித்துக்கொள்ளும். அப்படி நாலு இடத்தில் பேச்சு அடிபட்டால், 'மசாலாப் பொடி' என்று தேடுபவர்களுக்கு அந்தக் கடையைக் கொஞ்சம் மேலே காட்டும்.

பணம் புரள்வது இந்தச் சுற்று வழியில்தான். காரணம், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு. 'நியூயார்க் டைம்ஸ்' அப்போது சுட்டிக்காட்டிய ஆய்வு ஒன்றின்படி, கூகுள் தேடலில் சராசரியாக 34 சதவிகித டிராஃபிக் முதலிடத்துக்கே போய்விடுகிறது. இரண்டாவது இடத்துக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதிதான். 71-வது இடம் எட்டாவது பக்கத்தில் இருக்கிறது. அதுவரை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

'நாலு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்'

லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்தது என்று தெரிய, 1990-களுக்குப் போக வேண்டும்.

அன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்த்தன. 'கார்' என்ற சொல் நிறைய முறை இருந்தால் அது காரைப் பற்றிய நல்ல பக்கம் என்று எடுத்துக்கொண்டன. இது தெரிந்ததும் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'கார், கார், கார்' என்று நூறு முறை எழுதி வைத்தார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை அப்படியே நம்பினால் இதுதான் கதி.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை முக்கியமானதா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறோம்? மற்ற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தானே? அதையே வெப்சைட்டுகளுக்கும் செய்தால் என்ன? ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை விட, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

1996-ல் அவர்கள் உருவாக்கத் தொடங்கிய தேடுபொறிக்கு வைத்த பெயரே 'பேக்ரப்'. பின்னால் இருந்து வரும் லிங்க்குகளை ஆராய்வதால் அந்தப் பெயர். அதுதான் பிறகு கூகுள் ஆனது. அவர்களின் கணக்கு முறைக்கு 'பேஜ்ரேங்க்' என்று பெயர். பக்கத்தைத் தரவரிசைப்படுத்துவது என்றும் பொருள் வரும், லாரி பேஜின் பெயரும் அதில் ஒளிந்திருக்கிறது. 1998-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, 2.4 கோடி பக்கங்களை வைத்து இது வேலை செய்வதை விளக்கியது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

வெறும் எண்ணிக்கை மட்டும் இல்லை என்பதுதான் இதில் சூட்சுமம்.

முதல் விஷயம், யார் சொல்கிறார் என்பது முக்கியம். நிறையப் பேர் மதிக்கும் தளத்திலிருந்து வரும் ஒரு லிங்க், யாருமே எட்டிப் பார்க்காத தளங்களிலிருந்து வரும் பத்து லிங்க்குகளை விடப் பெரிது. ஊரில் பெயர் பெற்ற டாக்டர் ஒரு மெடிக்கலைச் சொல்வதும், முகம் தெரியாதவர் சொல்வதும் ஒன்றில்லையே, அது மாதிரி.

இரண்டாவது, அவர் எத்தனை பேரைச் சொல்கிறார் என்பதும் முக்கியம். ஒரு பக்கத்தின் மதிப்பு அது கொடுக்கும் லிங்க்குகளுக்கு இடையே பிரிந்து போகிறது. 5 லிங்க் மட்டும் உள்ள பக்கத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு. 500 லிங்க் உள்ள பக்கமென்றால் ஐந்நூறில் ஒரு பங்கு. கண்டவரையெல்லாம் சிபாரிசு செய்பவரின் சிபாரிசுக்கு மரியாதை குறைவு.

மூன்றாவது, எந்தச் சொல்லில் லிங்க் வைக்கப்பட்டிருக்கிறது என்பது. 'ஆங்கர் டெக்ஸ்ட்' என்பார்கள், நாம் தட்டும் அந்தச் சொல்தான். பலர் ஒரே சொல்லில் ஒரே பக்கத்துக்கு லிங்க் வைத்தால், அந்தப் பக்கம் அந்தச் சொல்லைப் பற்றியது என்று தேடுபொறி நினைத்துக்கொள்ளும். 2003-ல் இதை வைத்தே ஒரு குறும்பு நடந்தது. 'படுதோல்வி' என்ற அர்த்தம் வரும் ஆங்கிலச் சொற்களில், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்குப் பலரும் லிங்க் வைத்தார்கள். அந்தச் சொற்களை கூகுளில் தேடினால் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்து நின்றது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது! 2007 ஜனவரியில்தான் கூகுள் இந்த வகைக் குறும்புகளுக்குக் கணினி வழியிலேயே முற்றுப்புள்ளி வைத்தது.

ஜோக்காக முடிந்த இந்தக் கதைக்குள் ஒரு பிசினஸ் பாடம் இருந்தது. லிங்க் இருந்தால் தேடலை வளைக்கலாம். வளைக்க முடிந்தால், விற்கவும் முடியும்.

லிங்க் எப்படிச் சந்தைச் சரக்கானது?

2000-ம் ஆண்டு இறுதியில் கூகுள் தன் 'டூல்பார்' வசதியை வெளியிட்டது. ஒரு தளத்தின் பேஜ்ரேங்க் பூஜ்யத்திலிருந்து 10-க்குள் எவ்வளவு என்று ஒரு சின்னப் பச்சைப் பட்டை அதில் காட்டும். வாசகருக்கு உதவட்டும் என்று வைத்ததுதான். ஆனால் லிங்க் வியாபாரிகளுக்கு அது விலைச் சீட்டாகிவிட்டது. 'என் தளத்துக்கு பேஜ்ரேங்க் 7, லிங்க் இவ்வளவு டாலர்' என்று கடை விரித்தார்கள்.

2002-ல் அமெரிக்காவின் ஓக்லஹாமாவைச் சேர்ந்த 'சர்ச்கிங்' என்ற நிறுவனம், பேஜ்ரேங்க்கின் அடிப்படையில் விளம்பர லிங்க் விற்கும் சேவையைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அதன் பேஜ்ரேங்க் சரிந்தது. கூகுள் வேண்டுமென்றே குறைத்துவிட்டது என்று நீதிமன்றம் போனார்கள். 2003-ல் வந்த தீர்ப்பு கூகுளுக்குச் சாதகம். ஒரு தளத்துக்கு கூகுள் கொடுக்கும் மதிப்பெண் என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சொல்லும் உரிமைக்குப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பின் அர்த்தத்தை வெப்சைட் வைத்திருப்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூகுளில் கிடைக்கும் இடம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை. அந்தப் பச்சைப் பட்டையையும் 2016-ல் கூகுள் முழுதாக எடுத்துவிட்டது.

இன்னொரு பக்கம், கருத்துப் பெட்டி உள்ள இடங்களிலெல்லாம் மாத்திரை, சூதாட்ட விளம்பர லிங்க்குகள் வந்து குவிந்தன. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என் மூன்றும் சேர்ந்து ஒரு தீர்வை அறிவித்தன. லிங்க்கின் நிரலில் 'நோஃபாலோ' என்ற குறியைச் சேர்த்துவிட்டால், அந்த லிங்க்கை சிபாரிசாகத் தேடுபொறி எடுத்துக்கொள்ளாது. 'லிங்க் இருக்கிறது, ஆனால் நான் ஜாமீன் இல்லை' என்று சொல்கிற மாதிரி. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளில் இந்தக் குறி இருப்பது இதனால்தான். 2019-ல் இதோடு இரண்டு குறிகள் சேர்ந்தன. காசு வாங்கி வைத்த லிங்க்குக்கு 'ஸ்பான்சர்டு', வாசகர்கள் எழுதுவதில் வரும் லிங்க்குக்கு 'யூ.ஜி.சி'.

ஆக, விளம்பர லிங்க் போடுவதே தப்பு என்று கூகுள் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு, மனதாரச் சொன்ன சிபாரிசு போல் காட்டுவதைத்தான் தப்பு என்கிறது.

மாட்டியவர்கள் பட்டியல் சின்னதில்லை

'பெரிய கம்பெனியாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று நினைத்தவர்கள் உண்டு. நடந்தவற்றைப் பாருங்கள்.

2012 ஜனவரியில் சிக்கியது யார் தெரியுமா? கூகுளேதான்! குரோம் பிரவுசருக்கான விளம்பர முயற்சி ஒன்றில், காசு கொடுத்து எழுதப்பட்ட பதிவில் நோஃபாலோ இல்லாத லிங்க் இருந்தது தெரியவந்தது. கூகுள் தன் குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குத் தேடலில் கீழே இறக்கியது.

2013 பிப்ரவரியில் பிரிட்டனின் பூ விற்பனை நிறுவனம் 'இன்டர்ஃப்ளோரா'. அங்குள்ள உள்ளூர்ப் பத்திரிகைகளின் தளங்களில் செய்தி போலவே எழுதப்பட்ட விளம்பரங்கள், அவற்றுக்குள் லிங்க்குகள். காதலர் தினம் முடிந்த கையோடு, தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட முன்னால் வராத நிலைக்கு அந்த நிறுவனம் போனது. மார்ச்சில் வரும் அன்னையர் தினத்துக்குள் ஓடி ஓடி லிங்க்குகளை நீக்கி, சுமார் 11 நாட்களில் மீண்டுவிட்டது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, அடி வாங்கியவருக்கு மட்டும் விழவில்லை. லிங்க் விற்ற பத்திரிகைத் தளங்களின் பேஜ்ரேங்க்கும் குறைக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் 'ராப் ஜீனியஸ்' என்ற பாடல் வரிகள் தளம். 'எங்கள் ஜஸ்டின் பீபர் பாடல் பக்கங்களுக்கு லிங்க் வையுங்கள், பதிலுக்கு உங்கள் பதிவை நாங்கள் ட்வீட் செய்கிறோம்' என்று எழுதுபவர்களுக்கு டீல் பேசியது. இதில் பணமே கைமாறவில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் தினத்தில் கூகுள் அதைத் தூக்கியது. மீள சுமார் 10 நாட்கள் ஆகின.

ஜே.சி.பென்னி விஷயத்துக்கு வருவோம். 'இந்த லிங்க்குகளுக்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, எங்களுக்குத் தெரியாது' என்றது நிறுவனம். தேடல் வேலையைப் பார்த்துவந்த ஏஜென்சியை வேலையிலிருந்து நீக்கியது. ஆனால் கூகுளின் தண்டனை ஏஜென்சிக்கு இல்லை, வெப்சைட்டுக்குத்தான். சுமார் 90 நாட்கள் கழித்துத்தான் அது நீங்கியது. வேலையை வெளியே கொடுக்கலாம், பழியை வெளியே கொடுக்க முடியாது.

பென்குயின் வந்த பிறகு என்ன மாறியது?

பென்னியைக் கண்டுபிடிக்க ஒரு செய்தியாளர் தேவைப்பட்டார். அது கூகுளுக்கே சங்கடம்தான். 2012 ஏப்ரல் 24 அன்று 'பென்குயின்' என்ற பெயரில் ஒரு மாற்றம் வந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களைக் கணினியே அடையாளம் கண்டு கீழே இறக்கும். ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவிகிதத்தில் மாற்றம் தெரியும் என்று கூகுள் சொன்னது. பல ஆண்டுகளாக லிங்க் வாங்கிக் குவித்தவர்கள், 'தயவுசெய்து எங்கள் லிங்க்கை எடுத்துவிடுங்கள்' என்று விற்றவர்களிடமே கெஞ்சும் நிலை. அதே ஆண்டு அக்டோபரில், 'இந்த லிங்க்குகளை என் கணக்கில் சேர்க்காதீர்கள்' என்று கூகுளிடம் சொல்லும் 'டிஸ்அவோ' வசதியும் வந்தது.

2016 செப்டம்பரில் பென்குயின் இன்னொரு மாற்றம் கண்டது. தளத்தைத் தண்டிப்பதற்குப் பதிலாக, சந்தேகமான லிங்க்குகளை மதிப்பற்றதாக்கிவிட்டு நகர்ந்துவிடும். கேட்க நல்ல செய்தி போல இருக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் கோணத்தில் பாருங்கள். லிங்க் வேலை செய்யவில்லை என்று அவருக்கு எந்தத் தகவலும் வராது. தண்டனையும் இல்லை, பலனும் இல்லை, பணம் மட்டும் போயிருக்கும். அப்பட்டமான மோசடி என்றால், ஆள் வைத்துப் பார்த்துத் தண்டிக்கும் முறை இன்றும் தனியாக இருக்கிறது.

2024 மார்ச்சில் விதிகள் இன்னும் இறுகின. காலாவதியான பழைய டொமைனை வாங்கி, அதன் பழைய நல்ல பெயரில் குளிர்காய்வது. பெரிய தளம் ஒன்று தன் பெயரை வாடகைக்கு விட்டு, சம்பந்தமில்லாத பக்கங்களை அங்கே ஏற்ற அனுமதிப்பது. இவை இரண்டும் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டன.

அப்படியானால் லிங்க்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் முன்பு போல இல்லை. 2016-ல் கூகுளின் ஆண்ட்ரே லிபட்சேவ், லிங்க்கும் உள்ளடக்கமும்தான் முதல் இரண்டு முக்கியக் காரணிகள் என்றார். 2023-ல் அதே நிறுவனத்தின் கேரி இல்யஸ், லிங்க் இப்போது முதல் மூன்று இடத்தில் இல்லை, அதை மக்கள் மிகைப்படுத்தி நினைக்கிறார்கள் என்றார்.

'டி.ஏ 60 தளத்தில் லிங்க், உடனே முந்துங்கள்!'

சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்களின் இன்பாக்ஸைத் திறந்தால் இப்படி ஒரு மெயில் கட்டாயம் இருக்கும். இந்த 'டி.ஏ' என்பது 'டொமைன் அத்தாரிட்டி'. இது கூகுளின் மதிப்பெண் இல்லை. 'மாஸ்' என்ற தனியார் நிறுவனம், கூகுள் எப்படி மதிப்பிடக்கூடும் என்று தானாக ஊகித்துப் போடும் மார்க். 'ஏரெஃப்ஸ்' நிறுவனம் போடும் 'டி.ஆர்' மதிப்பெண்ணும் அப்படித்தான். இரு தளங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் கூகுள் தன் வரிசைக்கு இந்த மார்க்கைப் பயன்படுத்துவதில்லை. பள்ளி மாதிரித் தேர்வில் 90 எடுத்தேன் என்பதைக் காட்டி காலேஜ் சீட் கேட்க முடியாது அல்லவா?

இந்த மெயில்களில் உஷாராக இருக்கச் சில அறிகுறிகள்:

• லிங்க்குக்கு மார்க் வாரியாக ரேட் கார்டு இருந்தால், அது அப்பட்டமான விற்பனை.

• சமையல், கிரிப்டோ, வீட்டுக் கடன், ஆன்லைன் சூதாட்டம் என எல்லாத் தலைப்பிலும் எழுதும் தளம் என்றால், அதற்கு வாசகர்கள் இருக்க வாய்ப்பு குறைவு. லிங்க் விற்கத்தான் அது இருக்கிறது.

• 'மாதம் 500 லிங்க் கியாரண்டி', 'கூகுளில் முதலிடம் கியாரண்டி' என்றால் அந்த மெயிலை அங்கேயே மூடிவிடலாம். இயல்பாகக் கிடைக்க வேண்டிய சிபாரிசுக்கு எண்ணிக்கை சொல்லி யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

• எங்கெங்கே லிங்க் வைக்கப்போகிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால், ஜே.சி.பென்னியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ, நேர் வழியில் லிங்க் கிடைக்குமா?

கிடைக்கும். நேரம்தான் பிடிக்கும்.

*மற்றவர் எடுத்துக்காட்ட ஏதாவது ஒன்று வேண்டும்:* பொருள் விற்கும் பக்கத்துக்கு யாரும் சும்மா லிங்க் வைக்க மாட்டார்கள். எழுதுபவர்கள் லிங்க் வைப்பது, தாங்கள் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால். மசாலா விற்பவர், ஒவ்வொரு மாதமும் தான் மிளகாயையும் மஞ்சளையும் என்ன விலைக்கு வாங்கினார் என்று தேதியோடு பதிவு செய்துவந்தால், விலைவாசி பற்றி எழுதுபவருக்கு அது தேவைப்படும். சொந்தமாக எடுத்த படங்கள், கணக்குப் போட்டுத் தரும் சின்னக் கருவி, வேறெங்கும் கிடைக்காத விளக்கம் எல்லாம் இந்த ரகம்.

*பெயர் வந்தும் லிங்க் வராத இடங்கள்:* உங்கள் பெயரை ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கலாம், லிங்க் மட்டும் விட்டுப்போயிருக்கும். பணிவாக ஒரு மெயில் போட்டால் பலர் சேர்த்துவிடுவார்கள்.

*உடைந்த லிங்க்குகள்:* ஒரு நல்ல கட்டுரையில் உள்ள லிங்க்கைத் தட்டினால் '404' என்று வருகிறதா? அதே விஷயத்தில் உங்களிடம் தரமான பக்கம் இருந்தால், அந்தத் தளத்துக்குத் தகவல் சொல்லலாம். அவர்களுக்கும் உதவி, உங்களுக்கும் லாபம்.

*வீட்டை முதலில் சரிபாருங்கள்:* பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெப்சைட்டைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களின் முகவரி மாறிவிடும். அவற்றுக்கு ஏற்கெனவே வந்திருந்த லிங்க்குகள் எல்லாம் மூடிய கதவில் போய் முட்டும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு '301 ரீடைரக்ட்' போட்டால் போதும். அதைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள்.

*சர்ச் கன்சோல் பாருங்கள்:* இது கூகுளின் இலவசக் கருவி. யாரெல்லாம் உங்களுக்கு லிங்க் வைத்திருக்கிறார்கள் என்பதை 'லிங்க்ஸ்' பகுதியில் பார்க்கலாம். தண்டனை ஏதும் இருந்தால் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் தெரியும். முன்பின் தெரியாத தளங்களிலிருந்து சில குப்பை லிங்க்குகள் இருந்தால் பதற வேண்டாம், அது எல்லோருக்கும் வரும். டிஸ்அவோ வசதி பெரும்பாலான தளங்களுக்குத் தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது.

*விளம்பரம் என்றால் விளம்பரம்:* காசு கொடுத்து ஒரு தளத்தில் எழுத வைப்பதில் தவறில்லை. 'ஸ்பான்சர்டு' குறி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தேடலில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் அதைப் படித்துவிட்டு உள்ளே வரும் ஆள் நிஜம்.

ஒரு லிங்க்கை எடைபோட ஒரே கேள்வி

தேடுபொறியின் விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு லிங்க் கிடைக்கும் வாய்ப்பு வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும். 'கூகுள் என்று ஒன்று இல்லாமலே போனாலும், இந்த லிங்க் எனக்கு வேண்டுமா?'

சமையல் தளத்திலிருந்து மசாலாக் கடைக்கு வரும் லிங்க்குக்கு பதில் 'ஆமாம்'. அதைத் தட்டிக்கொண்டு சமைக்கிற ஒருவர் வருவார். குறட்டைத் தளத்திலிருந்து துணிக்கடைக்கு வரும் லிங்க்குக்கு பதில் 'இல்லை'. அதைத் தட்டிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை.

ஜே.சி.பென்னிக்கு அப்படி 2,015 பக்கங்கள் கை காட்டின. அத்தனையும் சேர்ந்து அந்தக் கடையை ஒரு பண்டிகை சீசன் முழுக்க உச்சியில் உட்கார வைத்தன. இறக்கிவிட இரண்டு மணி நேரம்தான் ஆனது. நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் கடை வளரும் என்பது பழைய வியாபாரக் கணக்கு. கூகுள் அதைத்தான் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்த நாலு பேரையும் வாடகைக்கு எடுத்தால், வாடகைக் காலம் எப்போது முடியும் என்பது மட்டும் நம் கையில் இருக்காது.